இன்குபேட்டர் வந்தால் போதுமா?



வைத்தியசாலைக்குப் புதிய இன்குபேட்டர் வந்தால் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அதன் அருகே யார் நிற்பது என்று எவரும் கேட்பதில்லை. நிற்பவர் ஒரு தாதி. பச்சிளம் சிசுப் பராமரிப்பில் அவருக்கு விசேட பயிற்சி இருக்கிறதா என்பதே நமது கேள்வி.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை. எடை குறைந்த பிறப்பு, நாட்டின் சராசரியைவிடத் தோட்டங்களில் அதிகம். அப்படிப் பிறந்த குழந்தைக்கு ஒட்சிசன் குறைந்தால் மூளை பாதிக்கும். மிகுந்தால் விழித்திரை கெடும். 1940களிலும் 1950களிலும் மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தன. அங்கே இயந்திரம் இருந்தது. எவ்வளவு கொடுப்பது என்ற அறிவுதான் இருக்கவில்லை.

"வேலை செய்யச் செய்யப் பழகிவிடும்" என்பார்கள். கொழுந்து பறிக்கும் கைக்கும் இதையே சொல்லித்தான் அதன் திறமைக்கு விலை இல்லாமல் செய்தார்கள். மருத்துவர்கள் விசேட நிபுணராகக் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980 முதல் இருக்கிறது. இந்தியாவில் தாதியருக்குப் பச்சிளம் சிசுப் பராமரிப்பில் ஓராண்டு டிப்ளோமா உண்டு. நமது தாதியருக்கும் பட்டத்துக்குப் பின் அப்படியொரு நிலையான பாதை வேண்டும்.

"ஆயிரம் பிறப்புக்கு 12 பச்சிளம் சிசு மரணத்துக்கு மேல் போகக்கூடாது என்ற 2030 உலக இலக்கை இலங்கை எப்போதோ எட்டிவிட்டதே" என்று அதிகாரிகள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் சராசரிக்குள் லயத்துக் குழந்தை தெரிவதில்லை.

இது மலையகத்தின் கோரிக்கை மட்டுமல்ல. 1977 வன்செயலுக்குப் பின் திருகோணமலை மாவட்டத்தில் குடியேறியவர்களும் நமது மக்களே. ஆகவே நுவரெலியா, பதுளை, திருகோணமலை மூன்றுக்கும் சேர்த்தே கேட்போம்:

1. முழுச் சம்பள விடுமுறையுடன் தாதியருக்குச் சிசுப் பராமரிப்பு விசேட பயிற்சி.

2. பயிற்சி பெற்றவரை வேறு வார்டுக்கு மாற்றாதிருத்தல். தகுதிக்கேற்ற தரமும் கொடுப்பனவும்.

3. தமிழ் பேசும் தாதியருக்குப் போதிய இடங்கள். குழந்தையை மார்போடு அணைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு முறையைத் தாய்க்கு அவள் மொழியில்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பட்டும். ஒரு பிரதி, இங்கே ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் கிழக்கு மாகாண ஆளுநர் செயலகத்துக்கும் போகட்டும். சம்பளத்துக்காக ஒன்றுசேரத் தெரிந்த நாம், பிறந்த குழந்தைக்காகவும் ஒன்றுசேர்வோம்.