கடைசி ஆள் ஊர் சேருவாரா?

நாலு நண்பர்கள் ஒன்று கூடுகிறார்கள். "சைக்கிளில் கூட்டமாகப் போகிறார்களாம். நாமும் போவோமா?" என்கிறார் ஒருவர். "எத்தனை மைல்?" என்று கேட்கிறார் அடுத்தவர்.

அந்தக் கேள்வி அப்புறம் இருக்கட்டும்! நாலு பேரில் மெதுவாக மிதிப்பவர் யார்? அவர் பின்தங்கினால் அந்தப் பயணத்தில் அவர் கதி என்ன? முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டு, நண்பரை வெயிலில் தனியாக விட்டு வந்தால், பிறகு முகத்தில் விழிப்பது எப்படி?

83 வயதுக் கிழவர்

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். எங்கு பார்த்தாலும் சோளக்காடு. அங்கே ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிளில் புறப்படுகிறார்கள். மேற்கு எல்லையில் இருந்து கிழக்கு எல்லை வரை 7 நாள் பயணம். மேற்கே மிசௌரி ஆற்றில் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுக் கிளம்புவார்கள். கிழக்கே மிசிசிப்பி ஆற்றில் முன்சக்கரத்தை நனைத்து முடிப்பார்கள்.

இதைத் தொடங்கியவர்கள் இரண்டு பத்திரிகைக்காரர்கள். ஒருவர் ஜான் காரஸ். மற்றவர் டொனால்டு கால். தாங்கள் சைக்கிளில் போகப் போவதாகவும், விரும்புகிறவர்கள் கூட வரலாம் என்றும் 1973-ல் பத்திரிகையில் எழுதினார்கள். சுமார் 300 பேர் வந்து நின்றார்கள்! முழுத் தூரமும் போனவர்கள் 114 பேர்தான்.

அந்த 114 பேரில் ஒருவர் கிளாரன்ஸ் பிக்கார்டு. வயது 83. ஓட்டியது, யாரோ ஓட்டிப் பழசாகிப்போன பெண்கள் சைக்கிள்! சுட்டெரிக்கும் வெயிலில் முழுக்கைச் சட்டை, தலையில் வெள்ளி நிறத் தொப்பி. ஒரு நாள் மட்டும் 110 மைல் மிதிக்க வேண்டி இருந்தது. கிழவர் அசரவில்லை. கடைசி வரை போய்ச் சேர்ந்தார்.

அவர் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், அது பந்தயம் அல்ல. முதல் பரிசு கிடையாது. இன்றும் அப்படித்தான். மூட்டை முடிச்சு லாரியில் போகும். களைத்தவரை ஏற்றிக்கொள்ள வண்டி வரும். வழியில் ஊர்க்காரர்கள் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் விற்கிறார்கள். மிதித்துக் கரைத்த எடையை அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்!

கடிகாரம் காத்திருக்காது

தமிழ்நாட்டிலும் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். 'பிரெவே' என்று ஒரு வகைப் பயணம் உண்டு. பிரான்சு நாட்டில் பிறந்தது. 200 கிலோ மீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். இதிலும் முதல், இரண்டாம் இடம் கிடையாது.

கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 15 கிலோ மீட்டர். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் டீ குடித்த நேரம், சாப்பிட்ட நேரம், பஞ்சர் ஒட்டிய நேரம் எல்லாம் அந்த 13½ மணிக்குள் அடக்கம். வழியில் குறிப்பிட்ட இடங்களைக் குறித்த நேரத்துக்குள் தாண்ட வேண்டும். பஞ்சரானால் அவரவரே ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னாலேயே கார் வந்து உதவக் கூடாது.

நாலு பேரும் ஒரே பலம் உள்ளவர்கள் என்றால் இது அருமையான பயணம். ஒருவர் போன மாதம்தான் சைக்கிள் வாங்கினார் என்றால்? அவருக்காகக் காத்திருப்பவருக்கும் நேரம் போகும். காத்திருக்காவிட்டால் நட்பு போகும். வீட்டில் மனைவி, மக்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருட்டிய சாலையில் அவர் தனியாக மிதித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பு, ஒரு ஞாயிறு காலையில் நாலு பேரும் 50 கிலோ மீட்டர் போய்ப் பார்க்கட்டும். முதலில் போனவர் டீக்கடையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கட்டும். கடைசி ஆள் அரை மணி கழித்து வந்தால், 200 கிலோ மீட்டரில் அது 2 மணிக்குக் குறையாது. அவர் வந்ததும் அவருக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, எந்தப் பயணம் என்று அவரையே கேட்கலாம்.