ஊரைச் சுமந்து சென்றவர்கள்

கடல் கடந்து பிழைக்கச் சென்ற ஒருவன் அயல் நகரம் ஒன்றிலே திடீரென இறந்துபோகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய உடலுக்குப் பொறுப்பு யார்? வேலை கொடுத்த முதலாளியா? வீட்டை வாடகைக்கு விட்டவரா? அந்நாட்டு அரசாங்கமா? நைஜீரியாவின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்கள் இக்கேள்விக்குப் பல தலைமுறைகளாக ஒரே விடையைத்தான் வைத்திருக்கிறார்கள். அவனுடைய ஊர்ச் சங்கமே பொறுப்பு!

இறந்தவன் தன் தந்தையின் மனையிலே அடக்கமாக வேண்டும் என்பது அம்மக்களின் நெடுங்கால வழக்கம். ஆகவே லண்டனில் இறந்தாலும் ஹூஸ்டனில் இறந்தாலும் சங்கத்தார் கூடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் திரட்டுகிறார்கள். பெட்டியை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். அயல்நாட்டு இக்போ சங்கங்களின் வலிமையெல்லாம் இத்தகைய கடமைகளிலிருந்தே பிறக்கிறது என்பது என் கருத்து. விழா எடுப்பதனால் ஒரு சங்கம் நிலைப்பதில்லை. சுமை தூக்குவதனால்தான் நிலைக்கிறது. இதனை என்னால் இயன்ற வரை எடுத்துரைக்க முயல்கிறேன்.

மன்னன் இல்லாத மக்கள்

"இக்போ மக்களுக்கு மன்னன் இல்லை" என்பது அவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளும் பழமொழி. ஒனிட்சா போன்ற சில ஊர்களில் மன்னர்கள் இருந்ததுண்டு. ஆயினும் பெரும்பாலான ஊர்களில் ஆட்சி என்பது பொதுவிடத்தில் கூடிப் பேசி முடிவெடுப்பதாகவே இருந்தது. ஒரே காலத்தில் பிறந்தோர் ஒரு வயதுக் குழுவாகச் சேர்ந்து ஊர்ப் பணிகளைச் செய்தனர். ஊரிலே பிறந்து வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களோ, 'உமுவாடா' என்ற பெயரில் ஒன்றுகூடிப் பிறந்த வீட்டுப் பூசல்களைத் தீர்த்து வைத்தனர். 1929-இல் ஆங்கில ஆட்சி பெண்கள் மீதும் வரி விதிக்கப் போகிறது என்ற செய்தி பரவியபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டெழுந்தனர். அந்த எழுச்சியை வரலாறு 'பெண்களின் போர்' என்று குறிக்கிறது. கட்டளையிட மன்னன் இல்லாத இடத்தில் கூடிச் செய்யும் பழக்கம் தானாகவே கைவருகிறது போலும்!

1916-இல் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகத்தையும் எனுகு நிலக்கரிச் சுரங்கத்தையும் இருப்புப்பாதை இணைத்தது. அதன் பின்னர், எழுதப் படிக்கக் கற்ற இக்போ இளைஞர்கள் எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் சிறு வணிகர்களாகவும் நாடெங்கும் பரவினார்கள். மேற்கே லாகோஸ் சென்றார்கள். வடக்கே கானோ வரையிலும் சென்றார்கள். கானோவிலே மொழி வேறு, சமயம் வேறு. பழைய மதில் நகருக்கு வெளியே 'சபோன் காரி', அதாவது புது ஊர், என்னும் பகுதியில்தான் வந்தேறிகளுக்கு இடம் கிடைத்தது. இக்போ மக்கள் கண்ட முதல் அயல்நாடு, அவர்களுடைய சொந்த நாட்டுக்குள்ளேயே இருந்தது எனலாம்.

அங்கேதான் ஊருக்கு ஒரு 'முன்னேற்றச் சங்கம்' பிறந்தது. மாதம் ஒரு முறை கூடுவது, சந்தா கட்டுவது, வேலையற்று வந்தவனுக்கு இடம் கொடுப்பது, ஊரிலே பள்ளிக்கூடம் கட்டப் பணம் அனுப்புவது ஆகியவை அதன் பணிகள். நம்மூர்ச் சீட்டைப் போன்ற 'இசுசு' என்னும் சுழற்சிச் சேமிப்பும் அவர்களிடம் உண்டு. இச்சிறு சங்கங்கள் பெருகிய பின்னரே, 1944-இல் அவற்றுக்கெல்லாம் பொதுவான கூட்டமைப்பு ஏற்பட்டது. 1948-இல் அதற்குத் தலைவரானவர் நம்டி அசிக்கிவே. பின்னர் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரானவரும் அவரே. சிறியது முதலில், பெரியது பின்னர் என்ற இவ்வரிசையை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு நாவல் காட்டும் சங்கம்

சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அப்பார்ட்' நாவலை ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறிவார்கள். அதன் தொடர்ச்சி போல அவர் 1960-இல் வெளியிட்ட 'நோ லாங்கர் அட் ஈஸ்' என்னும் நாவலில் இத்தகைய சங்கம் ஒன்று வருகிறது. உமுவோஃபியா ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே வரியால் வருத்திக்கொண்டு 800 பவுன் திரட்டுகிறார்கள். அதைக் கொண்டு ஒபி என்னும் இளைஞனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள். அது நன்கொடை அன்று. திரும்பி வந்ததும் நான்கு ஆண்டுகளில் தீர்க்க வேண்டிய கடன். சட்டம் படித்து வந்தால் ஊரின் நில வழக்குகளை நடத்துவான் என்பது அவர்களுடைய கணக்கு. அவனோ ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வருகிறான்!

முதன்முறை படித்தபோது நான் முழுக்க முழுக்க ஒபியின் பக்கமே நின்றேன். ஒருவன் என்ன படிக்க வேண்டும், யாரை மணக்க வேண்டும் என்று தீர்மானிக்கச் சங்கம் யார் என்று கொதித்தேன். ஆனால், மறுமுறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. லஞ்சம் வாங்கிச் சிறை செல்லும் நிலைக்கு ஒபி வந்துவிடுகிறான். தங்களை அவமதித்துவிட்டு வெளியேறியவன்தானே என்று சங்கத்தார் ஒதுங்கவில்லை. கோபத்தோடுதான் கூடுகிறார்கள், கூடியும் அவனுக்காகவே பொதுப்பணத்தைச் செலவிடுகிறார்கள். உறவினன் துன்பத்தில் இருக்கையில் கைவிடலாகாது என்பதே அவர்கள் முடிவு. நல்லவனை மட்டும் தாங்குவதற்குச் சங்கம் எதற்கு? தவறியவனையும் தாங்குவதல்லவா சங்கம்!

தடையும் போரும்

வரலாறு இச்சங்கங்களைக் கடுமையாகச் சோதித்தது. 1966 மே மாதத்தில் இராணுவ அரசு அரசியல் கட்சிகளோடு இனச் சங்கங்களையும் தடை செய்தது. அத்தடையைப் போட்ட தளபதி இரோன்சியும் ஓர் இக்போக்காரரே என்பது கசப்பான உண்மை. அவ்வாண்டிலேயே வடக்கில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டார்கள். உயிர் தப்பியோர் கிழக்கே ஓடி வந்தார்கள். 1967 மே 30-ஆம் நாள் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்ற தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. ஜூலையில் மூண்ட போர் 1970 ஜனவரி 15 வரை நீடித்தது. குண்டுக்கு இரையானோரைவிடப் பட்டினிக்கு இரையானோரே மிகுதி.

போர் முடிந்தது. வங்கியிலே எவ்வளவு பணம் போட்டு வைத்திருந்தாலும் கணக்குக்கு 20 பவுன்தான் திரும்பக் கிடைக்கும் என்றது அரசு. ஒரு சமூகத்தின் சேமிப்பு ஒரே உத்தரவில் கரைந்துபோயிற்று. அதன் பிறகும் அவர்கள் எழுந்தார்கள் என்றால், வங்கியில் போடாத ஒரு சேமிப்பு அவர்களிடம் இருந்தது என்றுதான் பொருள். அதுவே ஒருவரையொருவர் தாங்கும் பழக்கம். "உடன்பிறந்தவனைப் பின்னே விட்டுச் செல்லாதே" என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கு. இடிந்த பள்ளிகளும் சந்தைகளும் ஊராரின் உழைப்பினாலும் சந்தாவினாலும் மீண்டும் எழுந்தன.

கடலுக்கு அப்பால்

போருக்குப் பின் கல்விக்காகவும் வேலைக்காகவும் கடல் கடந்தோர் தொகை பெருகிற்று. இன்று லண்டனிலும் ஹூஸ்டனிலும், வணிகத்துக்காகச் சென்ற சீனத்துக் குவாங்சௌ நகரிலும் இக்போ மக்கள் வாழ்கிறார்கள். சென்ற இடமெல்லாம் சங்கம் வைத்தார்கள். ஊருக்கு ஒன்று, அதற்கு மேல் வட்டாரத்துக்கோ மாநிலத்துக்கோ ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக மற்றொன்று என அடுக்கடுக்காக அவை அமைந்துள்ளன. தாய்நாட்டில் 1976-இல் தோன்றிய 'ஒஹனேசே' அமைப்பும், 1990-களில் அமெரிக்காவில் உருவான உலக இக்போ காங்கிரசும் உச்சியில் உள்ளவை.

இவற்றுள் உயிர்த்துடிப்பு மிக்கது எது? அடியில் உள்ள ஊர்ச் சங்கமே என்பேன். அங்கே ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும். யார் வீட்டில் துக்கம், யார் சந்தா பாக்கி என்பதும் தெரியும். உச்சியிலோ பதவிப் போட்டியும் பிளவும் அடிக்கடி தலைதூக்குகின்றன. இதை அம்மக்களே வருந்திச் சொல்கிறார்கள். ஆகவே, அயல்நாட்டில் புதிதாகச் சங்கம் தொடங்குவோர் முதலில் மாநாடு கூட்டிக் கொடி ஏற்ற வேண்டியதில்லை. பத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடட்டும். ஒருவர் கணக்கை எழுதட்டும். அதை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படிக்கட்டும். சாவுக்கும் நோவுக்கும் ஒரு நிதி வைக்கட்டும். புதுக் கிழங்குத் திருவிழாவும் ஆட்டமும் பாட்டும் பின்னர் தாமே வரும்.

மூன்று கேள்விகள்

இது குறுகிய இனப்பற்று அல்லவா என்று கேட்போர் உண்டு. வேலி போடும் சங்கம் உண்டு. திண்ணை போடும் சங்கமும் உண்டு. புதிதாக வந்தவனுக்கு நகரத்தின் வழிகளைக் கற்றுக்கொடுத்து அவனைச் சொந்தக் காலில் நிறுத்தும் சங்கம், குடியேறிய நாட்டுக்கும் நன்மையே செய்கிறது.

திரட்டும் பணம் எங்கே போக வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. "செல்வம் வீடு வந்து சேர வேண்டும்" என்பது இக்போ மக்களின் கொள்கை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் வெளியூர்ப் பெண்களும் வெளிநாட்டுப் பெண்களும் சொந்த ஊர் திரும்பி 'ஆகஸ்ட் கூட்டம்' நடத்தி மருத்துவமனை, குடிநீர் என்று திட்டமிடுவது போற்றத்தக்கது. ஆனால் அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு மொழி தெரியாமல் போனால், இருபது ஆண்டு கழித்துப் பணம் அனுப்புவோர் யார்? விருந்தினருக்குக் கோலா கொட்டையை உடைத்து ஆசி கூறும்போது, "கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது" என்று சொல்லி இக்போ மொழியிலேயே ஆசி கூறுவது அவர்கள் மரபு. அந்தப் பேச்சைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் சனிக்கிழமை வகுப்புக்கும் சந்தாவில் ஒரு பங்கு ஒதுக்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் நம் நெஞ்சைச் சுடுவது. இக்போ மக்களிடையே 'ஓசு' எனப்பட்டோர் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். தெய்வத்துக்கு நேர்ந்து விடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம்! 1956-இல் கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் அவ்வழக்கத்தைச் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும் திருமணப் பேச்சு எழும்போது அக்கேள்வி இன்னும் எழுகிறது. ஒபியின் வாழ்வு உடைந்ததும் அவன் விரும்பிய பெண் ஓசு என்பதனாலேயே. அதைச் சபையிலே குத்திக் காட்டியதும் அந்தச் சங்கமே. ஊரைச் சுமந்து செல்கிறவர்கள் ஊரின் கறையையும் சுமந்து செல்கிறார்கள். சாதியைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறும் நம்மவர்களுக்கு இது புரியாத செய்தியா என்ன? பிணத்துக்குத் தோள் கொடுக்கும் சங்கம், பந்தியில் ஒருவனை விலக்குமானால் அது சங்கமே அன்று.

முடிவாக

தொலைதூரத்து மக்களைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர் வளைகுடா நாடு ஒன்றில் வேலை செய்யும்போது இறந்துபோனார். அவருடைய உடல் வீடு வந்து சேர 37 நாட்கள் ஆயின. அந்த நாட்களில் அவருடைய தாயார் வாசற்படியை விட்டு எழவே இல்லை. அங்கே அவரோடு வேலை செய்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் ஒரு சந்தாவோ, ஒரு கணக்குப் புத்தகமோ, "இது என் பொறுப்பு" என்று சொல்லும் ஓர் ஆளோ இல்லை. ஒபியின் கதையை நான் மறுமுறை எடுத்துப் படித்தது அதன் பின்னர்தான்.

இக்கல்லூரியிலிருந்து வெளியேறும் நம்மில் பலர் நாளை சென்னைக்கோ, துபாய்க்கோ, சிங்கப்பூருக்கோ செல்வோம். சென்ற இடத்தில் பொங்கல் விழா எடுப்போம், பட்டிமன்றம் நடத்துவோம். நல்லதே! ஆனால் அதற்கு முன்னால் பத்துப் பேர் கூடி, சாதி கேளாமல், ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். முதல் பக்கத்தில் நம் பெயரை எழுதுவோம். என்றோ ஒரு நாள் நம்மில் ஒருவரின் தாய் வாசற்படியில் காத்திருக்க நேர்ந்தால், அந்தக் காத்திருப்பு 37 நாட்கள் நீளாதிருக்கட்டும்.