ஐஸ்கிரீமில் கிடந்த விரல்

பெங்களூருவில் உறைநிலை உணவு பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. அது எந்த ஆலையில், யார் கையால், எத்தனை மணி நேர வேலைக்குப் பிறகு தயாரானது என்பது வாங்குவோருக்கும் தெரியாது, கொண்டுவரும் தொழிலாளிக்கும் தெரியாது. ‘அந்நியப் பொருள் கலந்திருக்கக்கூடும்’ என்று ஒரு நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெறும்போதுதான் ஆலை என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

2024 ஜூன் 12 அன்று மும்பை மலாடில் செயலி வழியாக வாங்கிய யம்மோ கோன் ஐஸ்கிரீமில் மனித விரல் துண்டு கிடந்தது. ஊடகங்கள் அருவருப்பை நாள்கணக்கில் விற்றன. மரபணுச் சோதனை வேறொரு உண்மையைச் சொன்னது. அது புணே மாவட்டம் இந்தாப்பூர் ஆலையில் வேலை செய்த 24 வயதுத் தொழிலாளியின் விரல். மே 11 அன்று இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அன்றைய சரக்குதான் ஒரு மாதம் கழித்து மலாடில் பிரிக்கப்பட்டது. அது ஒப்பந்த ஆலை என்றது யம்மோ. அங்கு உற்பத்தியை நிறுத்திவிட்டதாகவும் சரக்கைச் சந்தையிலிருந்து விலக்கி வருவதாகவும் அறிவித்தது. ஆலையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.

நுகர்வோருக்கு அது அந்நியப் பொருள். தொழிலாளிக்கு அது அவனது கை. விரல் துண்டான அந்த மணி நேரத்திலேயே சரக்கு முழுவதையும் தடுத்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம், தொழிற்சாலைச் சட்டம் மறுபுறம் நிற்க, இரண்டுக்கும் நடுவே ஓடிய இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் அன்று தொழிலாளிக்கு இருக்கவில்லை. திரும்பப் பெறுதலுக்கான 2017 விதிமுறைகளும் முதற்பொறுப்பை நிறுவனத்திடமே விடுகின்றன. லாபத்தைக் கணக்கிடுபவனே ஆபத்தையும் மதிப்பிடுகிறான்!

கர்நாடகம் இதில் விலகி நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் அன்றைய பாஜக அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவிட்டது. ஒன்றிய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்போ, மின்சாரத்தில் இயங்கும் ஆலைகளைத் தொழிற்சாலையாகக் கருதும் வரம்பை 10 பேரிலிருந்து 20 பேராக உயர்த்தியது. ஆய்வாளருக்கு ‘வசதி செய்பவர்’ என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. யாருக்கு வசதி?

உணவு ஆலையில் உடலுறுப்புக் காயம் ஏற்பட்டால் அன்றைய சரக்கை முடக்குவதும், உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு உடனே தெரிவிப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இயந்திரத்தை நிறுத்தும் உரிமை, பழிவாங்கலுக்கு இடமின்றி, தொழிலாளர் குழுவிடம் இருக்க வேண்டும். ஒப்பந்த ஆலைக் காயத்திற்குப் பெயர் பொறித்து விற்கும் நிறுவனமும் இழப்பீடு தர வேண்டும். கர்நாடகத்தின் காங்கிரஸ் அரசு 12 மணி நேரத் திருத்தத்தை விலக்கிக்கொண்டு இதைத் தொடங்கலாம்.