ஆங்கில மரபுத்தொடர்களும் நம் மாணாக்கரும்

ஒரு பாஷையின் சொற்களை அறிவது ஒன்று. அப்பாஷையைப் பேசுவோரின் வழக்கை அறிவது வேறொன்று. நம் பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தொடங்கிய நாள் முதல் பட்டம் பெறும் நாள் வரையில் ஆங்கிலத்தைப் படிக்கிறார்கள். மரபுத்தொடர்களில் ஐம்பதோ நூறோ, எதிரே பொருளெழுதி, பரீட்சைக்காக மனனம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அவற்றுள் ஒன்றையேனும் வாக்கியத்தில் வைத்துப் பேசுமாறு கேட்டால் நா எழுவதில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் மதுரைக்குச் சென்று படித்து, தன் குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகி, உத்தியோகத்துக்கான நேர்முகத்தில் வாய் திறவாது தலைகுனிந்து திரும்பும் இளைஞனுக்கு அறிவில் குறைவில்லை. அவனுக்குக் கற்பித்த முறையிலேதான் குறை. அக்குறையைக் குறித்தே இன்று சில கூற விரும்புகிறோம்.

மரபுத்தொடர் என்பது யாது? சொற்களைத் தனித்தனியே பிரித்துக் கூட்டினால் கிடைக்காத ஒரு பொருளை, அச்சொற்கள் சேர்ந்து நின்று தருவதே அது. ‘அவன் கம்பி நீட்டிவிட்டான்’ என்று நாம் சொல்லும்போது கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை; ஆள் நழுவிவிட்டான் என்பதே கருத்து. தமிழ் கற்க வந்த அந்நியர் ஒருவர் அகராதியைப் புரட்டி இரும்புக் கம்பியைத் தேடினால் நாம் நகைப்போம். ‘ரெயினிங் கேட்ஸ் அண்டு டாக்ஸ்’ என்பதைக் கேட்டு, பூனையும் நாயும் வானத்திலிருந்து விழுவதாக எண்ணும் நம் சிறுவனைக் கண்டு ஆங்கிலேயன் நகைப்பதும் அத்தகையதே. இதில் எவர்க்கும் இழிவில்லை. ஒவ்வொரு சமூகமும் தன் மண், தன் தொழில், தன் உணவு இவற்றிலிருந்தே மரபை எடுத்துக்கொள்கிறது. ஒரே கல்லில் ஆங்கிலேயன் இரண்டு பறவைகளைக் கொல்கிறான். நாம் இரண்டு மாங்காய்களை வீழ்த்துகிறோம். நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன நியூகாசில் துறைமுகத்துக்கே நிலக்கரி சுமப்பதை அவன் வீண்வேலை என்கிறான். நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை அவ்வாறு சொல்கிறோம். அரிதாக நிகழ்வதை அவன் ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்று நிலவின்மீது ஏற்றிச் சொல்ல, நாம் அத்தி பூத்தாற்போல் என்கிறோம். அத்தியின் பூ காய்போல் தோன்றும் உறுப்பினுள்ளே மறைந்து மலர்வதால் வெளியே எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. நம் முன்னோரின் கூர்ந்த நோக்கு அவ்வொரு தொடரிலேயே விளங்குகிறதன்றோ?

ஆகவே, ஆங்கில மரபைக் கற்பிக்கும் உபாத்தியாயர் முதலில் எடுக்க வேண்டிய கருவி தமிழே. அத்தி பூத்தாற்போல் என்பதை அறிந்த பிள்ளைக்கு நீலநிலவு ஒரு நொடியில் விளங்கும், பிறகு மறக்காது. ஆனால் இங்கேதான் துயரம். இன்றைய மாணாக்கருள் பலர்க்கு அத்தியும் தெரியாது, நிலவும் தெரியாது. வீட்டில் பாட்டி சொன்ன பழமொழி தாயிடம் பாதியாய்க் குறைந்து, பிள்ளையிடம் வந்து சேராமலே நின்றுவிட்டது. தன் பாஷையின் மரபை இழந்தவன் பிற பாஷையின் மரபை எதன்மீது நிறுத்துவான்?

பொருளை மட்டும் எழுதி மனனம் செய்வதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. ‘கிக் தி பக்கெட்’ என்பதற்கு ‘இறத்தல்’ என்று நம் பட்டியல்கள் பொருள் கூறும். பொருள் சரியே. ஆயினும் அதை நம்பி ஓர் இளைஞன் தன் மேலதிகாரியின் தந்தை காலமானதற்கு அனுதாபக் கடிதம் எழுதும்போது அத்தொடரைப் பயன்படுத்துவானாயின் விளைவு என்னாகும்? ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மண்டையைப் போட்டார்’ என்று எழுதியதற்கு ஒப்பாகும். எவர், எவரிடம், எவ்விடத்தில் சொல்லத் தக்கது என்பதையும் சேர்த்துக் கற்பியாத பட்டியல், கைப்பிடியில்லாத கத்தியைக் குழந்தையிடம் கொடுப்பது போன்றதே.

ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குள்ளேயே மரபு ஒன்றாயிருப்பதில்லை. சபைகளில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் அதை உடனே விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது. அமெரிக்காவிலோ அதை ஒத்திவைப்பது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இவ்விரு நாட்டுத் தளகர்த்தர்களும் கூடியிருந்தபோது, இவ்வொரு சொல்லினால் நீண்ட வாக்குவாதம் மூண்டதென்றும், உண்மையில் இரு தரத்தாரும் வேண்டியது ஒன்றேயென்றும் சர்ச்சில் தமது யுத்த சரித்திரத்தில் எழுதியுள்ளார். பிறவிப் பாஷையாக அதைப் பேசுவோர்க்கே இக்கதியென்றால், நம் பிள்ளைகள் தடுமாறுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி, பிற பாஷையின் மரபைக் கற்கும் முறைக்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள. பீட்டர் பெர்சிவல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 6,000க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874-ல் வெளியிட்டார். டென்மார்க்கு தேசத்தவரான ஜென்சன் 1897-ல் மற்றொரு தொகுதியைப் பொருள்வாரியாக வகுத்து அச்சிட்டார். இவர்கள் நம்மிடம் வந்த நோக்கம் எதுவாயினும் ஆகுக. ஒரு ஜனசமூகத்தின் உள்ளத்தை அடைய அதன் வழக்குமொழியே வாயில் என்பதை இவர்கள் உணர்ந்திருந்தார்கள். திருப்பரங்குன்றத்தை அடுத்த பசுமலையில் 1881-ல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய கல்லூரியே பின்னர் மதுரைக்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக விளங்குகிறது. ஆங்கிலக் கல்வி இவ்வட்டாரத்துக்கு வந்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்நியர் நம் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் கற்றார். நாமோ அவருடைய தொடர்களில் நூறு கற்று, அவற்றையும் விடைத்தாளிலேயே விட்டுவிட்டு வருகிறோம்!

‘அந்நிய பாஷையின் மரபு தேசாபிமானிக்கு எதற்கு?’ என்று நம் நண்பர் சிலர் கேட்கக்கூடும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878-ல் ‘ஹிந்து’வைத் தோற்றுவித்தவருள் ஒருவர், அவரே 1882-ல் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கினார். ஆள்வோரிடம் அவர்கள் பாஷையிலும், ஜனங்களிடம் ஜனங்கள் பாஷையிலும் பேசிய அவரைவிடத் தேசாபிமானி யார்? 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராயிருந்த பாரதியார், அவ்வாண்டிலேயே அப்பத்திரிகையில் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டார். இன்றைய நிலையையும் நோக்குக. அரசியல் சட்டத்தின் 348-ஆம் விதிப்படி, பார்லிமெண்டு வேறு வகை செய்யாத வரையில், சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டுகளிலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 24 முதல் மதுரையிலேயே ஹைகோர்ட்டுக் கிளை இயங்குகிறது. ஆயினும் தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பை வாசிக்கக் குடியானவன் பிறரைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழ் அங்கு ஏற வேண்டுமென்று போராடுவது நம் கடமை. அது நிறைவேறும் வரையில் ஆங்கிலத்தின் நுட்பமறிந்தவர் நம்மவருள் ஊர்தோறும் இருக்க வேண்டுவதும் அவசியம்.

நிற்க. மரபறியாது ஆங்கிலம் கற்பதன் தீங்கு ஆங்கிலத்தோடு நிற்பதில்லை; தமிழையும் வந்து தாக்குகிறது. ‘நாளின் முடிவில் மக்களே எஜமானர்’ என்று மேடையில் முழங்குகிறார்கள். எந்த நாளின் முடிவில்? ஆங்கிலத் தொடரின் கருத்து ‘முடிவாகப் பார்க்கப்போனால்’ என்பதே. ‘அறைக்குள் இருக்கும் யானை’ என்றும் எழுதுகிறார்கள். வெளிப்படையாயிருந்தும் எவரும் வாய்விட்டுக் கூறாத செய்தி என்று தமிழனுக்கு அது எங்ஙனம் விளங்கும்? இக்குற்றத்தில் பத்திரிகைகளாகிய எமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

செய்ய வேண்டுவது யாது? நாளுக்கு ஒரு தொடர் போதும். உபாத்தியாயர் அதற்கேற்ற தமிழ் வழக்கை மாணாக்கர் வாயாலேயே வருவிக்க வேண்டும். பின்பு ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கையிலிருந்து மூன்று வாக்கியங்கள் அமைத்து உரக்கச் சொல்ல வேண்டும். பங்குனித் திருக்கல்யாணத்துக்குக் குன்றம் வந்த தாய், அப்படியே அத்தை வீட்டுக்கும் போய்வந்தது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதை அவன் ஆங்கிலத்தில் சொல்லட்டும். தன் ஊர்க் கண்மாய் மறுகால் பாய்வது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை நீலநிலவைக் கொண்டு சொல்லட்டும். இலண்டன் மழையைப் பற்றிய வாக்கியம் அவன் நாவில் தங்காது. கண்மாயைப் பற்றியது தங்கும். பட்டியல்களையும் புதுப்பிக்க வேண்டும். நாய் பூனை மழையை ஆங்கிலேயரே இக்காலத்தில் அருகியே வழங்குகின்றனர். பரீட்சைகளும் பொருத்துக என்று கேட்பதை விடுத்து, எழுதுக, பேசுக என்று கேட்க வேண்டும். தொடர்களை அளவறிந்து வழங்கவும் பழக்க வேண்டும். உப்பு மிகுந்தால் உணவு கெடும்.

சொல்லில் குற்றம் கண்டபோது இறைவன் முன்னிலையிலும் அஞ்சாது நின்றவர் நக்கீரர் என்பது புராணம். அவர் இக்குன்றத்துக் குகையில் சிறைப்பட்டிருந்து திருமுருகாற்றுப்படை பாடினார் என்பது இவ்வூர் வழக்கு. சொல்லைப் பற்றி அத்துணை அச்சமின்மையும் அத்துணை அக்கறையும் வாய்ந்த ஒரு புலவரைப் போற்றும் ஊரின் பிள்ளை, எப்பாஷை பேசுவோர் முன்னும் கூனி நிற்கலாகாது. முதலில் அவன் கையில் அவனுடைய தமிழ் மரபை முழுமையாகக் கொடுப்போம். அதைக் கொண்டு அவன் ஆங்கிலத்தையும் வெல்வான் என்பது நமது துணிபு.