தகவல் இருந்தால் போதுமா? கைக்கு எட்ட வேண்டாமா?

“எல்லாம் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.” அலுவலகங்களில் நாம் இப்போது அடிக்கடி கேட்கும் பதில் இது. போட்டிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த ஒழுங்கில் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது தகவலாகிறது, அல்லது வெறும் தாள் குவியலாகிறது.

2024ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் நமது நாட்சம்பளம், 2021இல் வந்த 1,000 ரூபாய். மே தினத்தை ஒட்டி 1,700 ரூபாய் என வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாய் என வேறொரு வர்த்தமானி வந்தது. மூன்று தொகைக்கும் அரசாங்கத் தாள் உண்டு. அவற்றைத் திகதி வரிசையில் வைத்து, எது இன்று செல்லும், எது செல்லாது என மேலேயே எழுதாவிட்டால், மெய்யான தாளே நம்மை ஏமாற்றிவிடும்.

அடுத்தது சேமலாப நிதி. நமது சம்பளத்தில் 8 வீதமும் தோட்ட நிர்வாகத்தின் 12 வீதமும் அதில் சேர்கின்றன. நிதியை நிர்வகிப்பது தொழில் திணைக்களம். பணத்தை வைத்திருப்பது மத்திய வங்கி. நிர்வாகம் கட்டும் 3 வீத நம்பிக்கை நிதிக்கு வேறொரு சபை. பணிக்கொடைக்கு வேறொரு சட்டம். கணவனை இழந்த ஒரு சகோதரியின் கேள்வியோ ஒன்றுதான்: “எனக்கு என்னென்ன வரும், எந்தத் தாள்களோடு எங்கே போகணும்?” அந்த ஒரு கேள்விக்கான பதில் பல அலுமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. சேமலாப நிதியை உறுப்பினரே கேட்பதற்கு ‘கே’ படிவம். அவர் இறந்தால் உரித்துடையோருக்கு ‘எல்’ படிவம். இதை மாற்றி நிரப்பிக்கொண்டு போனால் பஸ் காசும் வீண், அன்றைய பேரும் வீண்.

“தோட்டத்து மக்கள் இணையம் பார்ப்பதில்லை” என்று சிலர் சொல்கிறார்கள். அம்மாவுக்காகப் போனில் தேடிக் கொடுக்கும் பிள்ளைகளை நாம் வகுப்பறையில் தினமும் பார்க்கிறோம். தமிழ்ப் பக்கம் என்று திறந்தால் தலைப்பு மட்டும் தமிழில், உள்ளே ஆவணம் ஆங்கிலத்தில் என்றால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்களே!

எனவே நாம் கேட்பது சலுகையல்ல. திணைக்களத்தின் பெயரால் அல்ல, ஓய்வு, மரணம், வேலை விலகல் என நமது தேவையின் பெயரால் தகவலை அடுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போடுங்கள். சிங்களத்தில் வரும் அன்றே தமிழிலும் போடுங்கள். கேட்டும் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியது.

நமது பங்கும் உண்டு. மடுவத்திலும் சங்கக் காரியாலயத்திலும் ஒட்டியிருக்கும் செல்லாத பழைய அறிவித்தல்களைத் தோட்டத் தலைவர்கள் இந்த வாரமே கழற்றட்டும். தேடியும் பதில் கிடைக்காத கேள்விகளை எழுதி அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலே நமது கோரிக்கையாக மேலே போகட்டும்.