குட்டி பிறக்கும் முன்னே

கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று விடுத்துள்ளார். தம் இல்லத்தில் பதினான்கு மாத வயதுடைய சிறிய ஸ்பானியல் பெட்டை ஒன்று உண்டென்றும், வெண்மையும் செம்பழுப்பும் கலந்த அதன் அழகைக் கண்டு உறவினர் பலரும் குட்டி கேட்கின்றனர் என்றும், ஒருமுறையேனும் ஈன்றால்தான் பெட்டையின் உடல்நலத்துக்கு நல்லது என அண்டை வீட்டார் வற்புறுத்துகின்றனர் என்றும் குறிப்பிட்டு, இவ்வாண்டே இணை சேர்க்கலாமா என வினவுகிறார். அவர் கேட்டது ஒரு வரி. விடையோ ஒரு வரியில் அடங்குவதன்று.

அண்டை வீட்டார் சொல்லை முதலில் தள்ளிவிடலாம். குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நலம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. உண்மை இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது. கருப்பை அகற்றப்படாத பெட்டைகளுக்கு நடுவயதுக்குமேல் கருப்பையில் சீழ் கோக்கும் கொடிய நோய் வருவதுண்டு. இளவயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்யப்பெற்றவற்றுக்கு அந்த அபாயம் இல்லை. மடியில் கட்டி தோன்றுவதும் வெகுவாகக் குறைகிறது. ஆகவே, பெட்டையின் நலனுக்காகக் குட்டி என்ற பேச்சு வேண்டாம். குட்டி வேண்டுமென்று விரும்புவது நாம். அந்த விருப்பத்துக்கு உரிய பொறுப்பும் நம்முடையதே.

இனி அழகைப் பற்றி. நம் பக்கத்தில் ஸ்பானியல் என்றாலே பெரும்பாலும் காக்கர் ஸ்பானியலைத்தான் குறிப்பர். சகோதரி விவரிக்கும் அடையாளங்களோ கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் சிற்றினத்துக்கு உரியவை. மடியில் அமர்த்தி வளர்ப்பதற்கென்றே இங்கிலாந்தில் பேணப்பட்ட இனம் அது. நாளடைவில் மூக்கு மிகவும் குட்டையாகிவிட்ட நிலையில், ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கர் பழைய ஓவியங்களில் காணும் நீண்ட மூக்குடைய வடிவத்தை மீட்க விரும்பி, 1926 முதல் இலண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுன் பரிசு அறிவித்தார். பரிசு பயனளித்தது, பழைய வடிவம் மீண்டது. ஆனால் அது மிகச் சில நாய்களிலிருந்து பெருக்கப்பட்டது. சிலவற்றிலிருந்து பல என்று பெருக்கும்போது, அந்தச் சிலவற்றின் இரத்தத்தில் மறைந்திருந்த குறைகளும் உடன் பெருகின.

குறைகளுள் முதன்மையானது இதயத்தின் மைட்ரல் வால்வு சிதைவு. வயது முதிர்ந்த பல சிற்றின நாய்களுக்கு வருகின்ற இந்நோய், இவ்வினத்தில் இளமையிலேயே தலைகாட்டுகிறது. ஐந்து வயதை எட்டும்போது ஏறத்தாழப் பாதி நாய்களின் நெஞ்சில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறது. பத்து வயதிலோ அநேகமாக எல்லாவற்றுக்கும். மற்றொன்று மண்டையோட்டைப் பற்றியது. மூளைக்குப் போதிய இடமின்றி அது பின்புறமாக நெருக்குண்டு, தண்டுவடத்தில் நீர்க்குழிகள் தோன்றுகின்றன. அத்தகைய நாய் கழுத்தருகே காற்றைப் பிறாண்டிக்கொண்டே நடக்கும். பார்ப்பவர் விளையாட்டென்று சிரிப்பர். அதற்கோ அது வலி.

நார்வே நாட்டில் இது நீதிமன்றம் வரை சென்றது. இத்தனை நோய்ச்சுமையுள்ள இனத்தைத் தொடர்ந்து பெருக்குவது அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று ஆஸ்லோ நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பளித்தது. கேவலியரைப் பொறுத்தவரை அந்த முடிவை 2023 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. டென்மார்க் நாடு வேறு வழி கண்டது. இனச்சேர்க்கைக்கு விடப்படும் ஒவ்வொரு கேவலியருக்கும் இதயப் பரிசோதனை கட்டாயம் என்று அங்குள்ள நாய் வளர்ப்போர் சங்கம் விதித்தது. அதன் பயனாக அடுத்த தலைமுறையில் நோய் கணிசமாகக் குறைந்ததென 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்விரண்டில் டென்மார்க்கின் வழியே நம் போன்ற குடும்பங்களுக்கு உகந்தது எனக் கருதுகிறேன். தடுக்கச் சட்டம் வரும்வரை காத்திராமல், சோதித்தறிந்து பெருக்குவது நம் கையில் இருக்கிறதே.

சீமை நாய்க்குத்தான் இந்தச் சாபம் என எவரும் எண்ண வேண்டாம். 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நமது இராசபாளையம் நாயைப் பாருங்கள். தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே உயர்வு என்று மனிதர் தேர்ந்து தேர்ந்து பெருக்கியதன் விளைவாக, பிறவிச் செவிடு அவ்வினத்தில் தொடர்கிறது. நிறத்தைத் தரும் அணுக்கள் இல்லாதவிடத்து உட்செவியும் பழுதுபடுகிறது என்பது விஞ்ஞானம் கூறும் காரணம். கண்ணுக்கு இனிய ஒன்றை மட்டும் நாடினால், காணாத ஒன்று கூடவே வந்துவிடுகிறது.

எனவே சகோதரிக்கு முதல் யோசனை: பெட்டைக்கு இரண்டரை வயது நிறையும்வரை பொறுத்திருங்கள். அப்போது அதன் நெஞ்சு ஒலி தூயதாயிருக்க வேண்டும். அதன் தாயும் தந்தையும் ஐந்து வயதில் நோயற்றிருந்தன என்றும் தெரிய வேண்டும். இதுவே இவ்வினத்துக்கு மருத்துவர் வகுத்த நெறி. கடுவனுக்கும் இதே அளவுகோல்தான். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது முதற்படி; ஐயம் எழுந்தால் எக்கோ பரிசோதனை. சின்னசேலத்தைக் கடந்ததும் தலைவாசல் கூட்டுரோட்டில் 2021-இல் திறக்கப்பெற்ற கால்நடை ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே கேட்டறியலாம். அதற்கு மேலும் தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி இருக்கவே இருக்கிறது. வீட்டில் இருப்பது காக்கராயின், கண்களையும் சோதிக்க வேண்டும். படிப்படியாகப் பார்வையிழக்கச் செய்யும் பரம்பரை நோய் அவ்வினத்தில் உண்டு. அதற்கு மரபணுச் சோதனையும் வந்துவிட்டது.

"எங்கள் நாய்க்குக் கென்னல் கிளப் சான்றிதழ் இருக்கிறதே" என்பார் சிலர். அச்சான்றிதழ் பாட்டன் பாட்டியின் பெயர்களைச் சொல்லும். இதயத்தைப் பற்றிச் சொல்லாது.

சட்டமும் ஒன்று உண்டு. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, விற்பனைக்காகக் குட்டி எடுக்கும் தனியாளும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிரம்பியிருத்தல், பன்னிரண்டு மாதத்துக்கு ஓர் ஈற்றுக்கு மிகாமை, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மிகாமை, தாய் தந்தை உடன்பிறப்புகளோடு இணை சேர்க்காமை, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்காமை ஆகியன அவ்விதிகளில் உள்ளன. சட்டம் பதினெட்டு மாதத்தில் அனுமதிக்கிறதே என்று நம்மவர் கேட்கக்கூடும். சட்டம் எல்லா இனத்துக்கும் பொதுவானது. கேவலியரின் நெஞ்சு அதற்காகக் காத்திராது.

எல்லாச் சோதனையும் தேறியபின் பேற்றுக்கு வருவோம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். கல்வராயன் மலையில் சாமை, தினைக் கொல்லைகளைக் காக்கும் ஊர்நாய்கள் பாறை இடுக்கில் தாமாகவே ஈன்று, தாமாகவே குட்டிகளை நக்கித் துடைத்து எழுப்பிவிடும். அந்த எண்ணத்தில் சிற்றின ஸ்பானியலை விட்டுவிட முடியாது. பேறு நெருங்கும் வாரத்தில் காலையும் மாலையும் உடல்வெப்பத்தை அளந்து வாருங்கள். வழக்கமாக 101, 102 டிகிரி இருப்பது 99-க்குக் கீழ் இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளில் வலி தொடங்கும். கடுமையாக முக்கியும் அரைமணி நேரத்தில் குட்டி வராவிடில், அல்லது முதற்குட்டிக்கு முன்பே பசும்நிறக் கசிவு கண்டால், ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ வாழும் குடும்பத்தினர் நள்ளிரவில் மலைப்பாதை இறங்கி வண்டி ஏற்பாடு செய்வதென்பது எளிதன்று. அவர்கள் பேற்றுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அடிவாரத்து உறவினர் இல்லத்துக்குத் தாய்நாயைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வது நன்று.

குட்டிகள் முதல் இரண்டு வாரம் தம் உடற்சூட்டைத் தாமே காக்க இயலாதவை. மார்கழிக் குளிரில் மலைமேல் இது பெரும் ஆபத்து. பழைய பருத்தித் துணி விரித்த பெட்டியும், ஒருபுறத்தில் மட்டும் மிதமான வெப்பம் தரும் மின்விளக்கும் போதும். சூடு மிகுந்தால் மறுபுறம் நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பாலை ஒவ்வொரு குட்டியும் குடித்ததா எனப் பாருங்கள். நாள்தோறும் எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை ஏறாத குட்டியே முதலில் நோயுறுவது.

தாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சினையாயிருக்கும்போதே சுண்ணாம்புச் சத்து மருந்தைத் தாராளமாக ஊற்றும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அன்பினால் செய்வதுதான்; விளைவோ தீங்கு. வெளியிலிருந்து மிகுதியாகக் கிடைக்கவே, எலும்பிலிருந்து அச்சத்தை எடுக்கும் ஆற்றலை உடல் தளர்த்திவிடுகிறது. பிறகு ஈன்ற இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பால் பெருகும்போது இரத்தத்தில் அச்சத்து திடீரெனக் குறைந்து, நாய் மூச்சிரைத்து, கால் விறைத்து, நடுங்கி விழுகிறது. சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அந்நிலையில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். நரம்பில் மெதுவாகச் செலுத்தும் ஊசியே அதனைக் காக்கும். சிறிய உடலும் பல குட்டிகளும் உள்ள தாய்க்கே இது மிகுதியும் வருகிறது.

இரண்டாம் வாரம் முதல் குடற்புழு மருந்து, ஆறாம் வாரத்துக்குமேல் பார்வோ முதலான நோய்களுக்குத் தடுப்பூசி, மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இவற்றின் முறைகளை மருத்துவர் எழுதித் தருவார்.

குட்டி கேட்கும் உறவினரைப் பற்றியும் ஒரு சொல். கேட்பவரில் பெரும்பாலோர் ஆண் குட்டியைக் கேட்கின்றனர். ஓர் ஈற்றில் பாதி பெண் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டார் ஒப்புதலோடு, பெண் குட்டியானாலும் ஏற்போம் என்று சொல்பவர் எத்தனை பேர் என்று இணை சேர்க்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பேர்கூடத் தேறாவிடில் முயற்சியைக் கைவிடுவதே மேல். கொடுத்த குட்டியை வளர்க்க இயலாது போனால் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்றும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இடைப்பட்ட காலத்தில், ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டை பருவத்துக்கு வரும். மூன்று வாரம் நீடிக்கும். இரத்தக் கசிவு நின்றதும் ஆபத்து தீர்ந்தது எனப் பலர் கட்டை அவிழ்த்து விடுகின்றனர். உண்மையில் இரண்டாம் வாரமே கருத்தரிக்க ஏற்ற நேரம். அந்த மூன்று வாரமும் அதனை வீட்டினுள்ளேயே வைத்து, வெளிக்குக் கொண்டுசெல்லும்போது கயிற்றைக் கையில் பிடித்தே செல்லுங்கள். மதில் உயரம் என்று நம்பியிருக்க வேண்டாம். ஊர்நாய்க்கு அது ஒரு பொருட்டன்று.