கழகம் மாறும் ஆட்டக்காரர்

உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உச்சியில் நின்றவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். பெலே, மரடோனா ஆகிய பெயர்கள் நம் பள்ளிச் சிறுவர் நாவிலும் புழங்குகின்றன. ஆனால் ஓரிரு பருவங்களுக்கு ஒப்பந்தம் எழுதி, கோல் அடித்தால் கொண்டாடப்பட்டும் அடிக்கத் தவறினால் மூட்டை கட்டியும், கழகத்துக்குக் கழகம் மாறி வாழும் நடுத்தர முன்னணி வீரரைப் பற்றி எழுதுவார் அரியர். ஒரு நாட்டின் ஆட்டநிலையை அறிய விரும்புவோர் இவரைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

வசீம் ராசிக்கை எடுத்துக்கொள்வோம். இலங்கை வழிவந்த இவர் 1994இல் ஜேர்மனியில் பிறந்தவர். பேர்லினின் யூனியன் கழகத்தில் பயின்று, மக்டபேர்க், எர்பேர்ட் நகரக் கழகங்களுக்கு ஆடினார். அங்கே இவரை யாரும் மேதை என்று போற்றவில்லை. 2021இல் அவர் இலங்கை அணியில் ஆடியபோது நடந்தது வேறு. அவ்வாண்டு ஜூனில் தென்கொரியாவில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் லெபனானிடம் இலங்கை 3–2 எனத் தோற்றது. நம் இரு கோல்களும் அவர் அடித்தவை. நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் மாலைதீவுடனான ஆட்டம் 4–4 என முடிந்தது. அந்த நான்கையும் அவரே அடித்தார்!

ஜேர்மனியின் மூன்றாம் படியில் நின்ற ஒருவர் இங்கே இவ்வளவு உயரமாகத் தோன்றுவானேன்? விடை அவருடைய கால்களில் மட்டும் இல்லை. அவர் ஏறிய ஏணியில் இருக்கிறது. அந்நாட்டின் முதலிரு பிரிவுகளில் தலா 18 கழகங்களும் மூன்றாம் பிரிவில் 20 கழகங்களும் உள்ளன. அவற்றுக்குக் கீழே வட்டாரப் பிரிவுகள் வேறு. முதற்படியில் இடம் கிடைக்காதவன் மூன்றாம் படியில் சம்பளம் பெற்று வாழலாம். நம் நாட்டிலோ திறமையுள்ள இளைஞன் இராணுவத்திலோ கடற்படையிலோ பொலிஸிலோ வேலை தேடி, அந்த அணிக்கு ஆடிக்கொள்கிறான். ஆட்டம் அவனுக்கு உத்தியோகத்தின் நிழல். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய டியூட்டரிகள் மாலை வேளைகளில் நிரம்பி வழிவதைக் கண்டு மைதானப் பிரியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பெற்றோரை நான் குறை கூறேன். பிழைப்புக்கு வழிகாட்டாத தொழிலுக்கு மகனை அனுப்ப எந்தத் தாய் மனமொப்புவாள்?

அந்த ஏணியை இங்கே நாட்டும் முயற்சி நடக்காமலில்லை. 2021இல் பத்துக் கழகங்களுடன் சுப்பர் லீக் தொடங்கிற்று. கொட்டாஞ்சேனையின் இரத்தினம் கழகமும் அதில் ஆடியது. புளூ ஸ்டார் வென்றது. ராசிக்கும் அப் கன்ட்ரி லயன்ஸ் அணிக்காக ஆடினார். அடுத்த ஆண்டு அது தொடரவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்ற நாட்டுக்கு உதைபந்தை நினைக்க நேரமேது? அதன்மேல் 2023 ஜனவரியில், நிர்வாகத்தில் அரசு தலையிட்டது என்று சர்வதேசச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கிற்று. நிர்வாகிகளுக்கு ஏழு மாதம் என்பது ஒரு வழக்குத் தவணை. முன்னணி வீரனுக்கு, ஓட்டத்தின் வேகம் குன்றாத பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கழிந்துபோன ஒரு துண்டு அது.

பிறகு வந்த மகிழ்ச்சியையும் சொல்லத்தான் வேண்டும். 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் அடுத்த சுற்றை இலங்கை எட்டியது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் அந்த அணியில் பெரும்பங்கு வகித்தனர். இதனை ‘இரவல் வீரம்’ என்று ஏளனம் செய்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. தாய்தந்தையர் நாட்டுக்கு ஆடுவது அவர்கள் உரிமை. ஆயினும் அயலார் உழுது நீர்பாய்ச்சிய வயலில் நாம் கதிர் மட்டுமே அறுக்கிறோம் என்பதை மறுக்க இயலாது. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்து, 2024இல் பார்ன்ஸ்லி அணிக்கு அறிமுகமான விமல் யோகநாதனை நாம் உச்சிமோந்து கொண்டாடினோம். அவரையும் லிவர்பூல் கழகத்தின் பயிற்சிக்கூடமே முதலில் செதுக்கியது.

நம் கழகங்கள் கவனியாத ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் விலைபேசப்பட்டு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறினால், அத்தொகையில் நூற்றுக்கு 5 பங்கு, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்பட வேண்டும். சிறு கழகத்துக்கு அது பந்து, காலணி, பயிற்றுநர் சம்பளம் எல்லாம் ஆகும். ஆனால் எந்த வயதில் எந்தக் கழகத்தில் ஆடினான் என்பதற்குப் பதிவு வேண்டும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் பந்துதைக்கும் பன்னிரண்டு வயதுப் பையனின் பெயரை எழுதிவைக்க இப்போதைக்கு ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும்.